வினோதா வாசிக்காத நான்கு நிமிடங்கள்

'கழிமுகம்' என்ற ராக் குழுவில் நான் ஆறு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தேன். இதைச் சொல்லும்போது யாராவது என்னை மரியாதையாகப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்கள் ஒரே ஆல்பத்தில் கேட்கும் பேஸ் நான் வாசித்தது இல்லை, வினோதா வாசித்தது. அதில் கேட்கும் வயலின், வீணை, கீபோர்டு, மிருதங்கம், கஞ்சிரா எல்லாமும் அவள்தான். உறையில் அவள் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: 'வயலின் – வினோதா'. அதுவும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லும் வரிக்கு நேர் மேலே.

வினோதா அம்பகரத்தூர்க்காரி. அப்பா பஞ்சநாதன் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அம்மா காசியம்மா சொந்த நிலம் கொஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு, நடவு நாட்களில் அடுத்தவர் வயலுக்கும் போய்வந்தவர். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் வாத்தியத்தைத் தொட்டதில்லை. ரேடியோவில் கேட்ட வயலின் வாத்தியாருக்குப் பிடித்துப்போனது. அது ஒன்றுதான் காரணம். ஏழு வயதுப் பெண்ணை ஒவ்வொரு சனி, ஞாயிறும் பஸ் ஏற்றிக் காரைக்காலுக்குக் கூட்டிவந்தார். வயலின் வகுப்பு முடிந்த பிறகு திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு நடக்கும். வினோதா வாசலில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே கேட்பாள். மூன்று வருஷம் தொடையில் தட்டியவளிடம் ஒருநாள் மிருதங்கத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே பணம் கட்டிப் படித்தவர்களைவிட நன்றாக வாசித்தாளாம். இதை அவள் பெருமையாகச் சொல்ல மாட்டாள். உள்ளே இருந்தவர்களைப் பற்றி எரிச்சலோடு சொல்வாள்.

பிறகு புதுச்சேரியில் இசைக் கல்லூரி. அங்கே வீணை. விடுதியில் ஒரு பெண்ணிடம் பழைய கீபோர்டு இருந்தது, அதுவும் கைக்கு வந்தது. மேற்கத்திய இசைக்குறிப்பைப் புத்தகம் வைத்துத் தானே படித்தாள். பத்தொன்பது வயதில் கும்பகோணம் பக்கத்து சபா ஒன்றில் அவளுக்கு ஒரு கச்சேரி கொடுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு. கேட்க வந்தவர்கள் எட்டுப் பேர். அதில் இருவர் ஃபேனுக்காக வந்தவர்கள். முடிந்ததும் சபா செயலாளர் மேடைக்கு வந்து, "கை சுத்தமா இருக்கும்மா. எந்த ஊரு?" என்றார்.

"அம்பகரத்தூர்."

"அம்பகரத்தூர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். கேட்டவருக்கும் தெரியும்.

"பஸ் நிக்கிற தெருங்க" என்றாள்.

அடுத்த வருஷம் அந்த சபாவிலிருந்து கடிதம் வந்தபோது அவள் போகவில்லை. வாத்தியார் ஏனென்று கேட்டதற்கு, "எட்டுப் பேருக்கு வாசிக்கணும்னா நம்ம வீட்லயே வாசிச்சிடலாம்பா. நம்ம வீட்ல யாரும் தெரு கேக்க மாட்டாங்க" என்றாள். அதோடு கச்சேரி மேடை முடிந்தது.

இனி செம்பியன், குழுவை ஆரம்பித்தவன். நானும் அவனும் புதுச்சேரியில் ஒன்றாக எஞ்சினியரிங் படித்தோம். அவன் அப்பா டாக்டர், சித்தப்பா பாரிஸில். காரைக்காலில் பரம்பரை வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து அதற்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வீட்டை வைத்துக்கொண்டு செம்பியன் தன்னை 'டெல்டாக்காரன்' என்று சொல்லிக்கொள்வான். கழனியில் கால் வைத்தவன் இல்லை. சேறு பட்டால் அரிக்குமாம், டாக்டர் அப்பா சொல்லியிருக்கிறார். கையில் நல்ல கிட்டார் இருந்தது, தோள்வரை முடி இருந்தது, தெரிந்த கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கட்டு, நான்கு இருந்தன. ராக் பாட்டுக்கு அந்த நான்கே போதும் என்று யாரோ சொன்னதை அவன் உண்மையாகவே நம்பினான்.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து நானும் என் மாமி மகன் சஃப்வானும் சேர்ந்தோம். சஃப்வான் டிரம்ஸ். நான் பேஸ் எடுத்ததற்குக் காரணம், அதில் நான்கு கம்பிதான், யாரும் கவனித்துக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் செம்பியனுக்கு ஒரு வயலின் வேண்டியிருந்தது. "ஃப்யூஷன்தான் மச்சி இப்போ" என்றான். யாரோ சொல்லி வினோதா வந்தாள். சுடிதார், தோளில் வயலின் பெட்டி. செம்பியன் தன் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினான். முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

"உங்க மூணாவது கம்பி இறங்கியிருக்கு" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே திருகினான். "இப்ப?"

"இப்ப ஏறிடுச்சு."

சுருதி சேர்ந்ததும் கேட்டாள்: "ரெண்டாவது அடிக்கு என்ன வருது?"

"அதேதான்."

"அனுபல்லவி மாதிரி ஒண்ணு பாடினீங்களே, அதுக்கு?"

"அதேதான். கொஞ்சம் சத்தமா."

"சரிங்க" என்று வயலினை எடுத்தாள்.

செம்பியனை அவள் கடைசிவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். ஒரே வயசு, வினோன்னு நான் கூப்பிடுறேன், நீயும் வா போன்னு கூப்பிடு என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அவள் மாறவில்லை. கிட்ட வராதே என்று சொல்ல எங்கள் பக்கம் வைத்திருக்கும் 'நீங்க' அது. அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

இப்படி இளக்காரமாக நினைத்தவள் ஏன் சேர்ந்தாள் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவள் சொன்ன பதிலில் கிண்டல் இல்லை. "அன்னைக்கு அந்த ஆம்ப்ளிஃபயர்ல வயலின மாட்டி ஒரு வில்லு இழுத்தேன் பாரு, வயித்துல வந்து இடிச்சுது. பன்னெண்டு வருஷத்துக்கு மேல வாசிக்கிறேன் நசீம், என் வயலின் என் வயித்துல இடிச்சதே இல்ல." சத்தத்துக்காக வந்தவள் அவள். எங்களுக்காக வரவில்லை.

அந்த வருஷத் தீபாவளி விடுமுறைக்கு என் பேஸ் கிட்டாரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நான்கு நாள். திரும்பி வந்து, நான் வாசிக்கும் பேஸ் பகுதியை வாசித்துக் காட்டினாள். ஒரு வருஷமாக நான் வாசித்துக்கொண்டிருந்தது அதைத்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நான் போட்டிருந்த சுரங்களில் பாதியை எடுத்துவிட்டிருந்தாள். மிச்சத்தைச் சரியான இடத்தில் வைத்திருந்தாள். சஃப்வான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அவளே எனக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பொறுமையாக இல்லை. "கை இருக்கு, காது எங்க வச்சிருக்கே?" என்பாள். சஃப்வானுக்கு ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாப்பைச் சொல்லிக் கொடுத்தாள். தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. சஃப்வான் பைக் ஓட்டும்போதும் பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அதையே முணுமுணுத்து ஒரு மாதத்தில் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் எங்கள் பாட்டுகளுக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. செம்பியன் நான்கு கார்டும் நான்கு வரியும் கொண்டுவருவான். அடுத்த வாரம் அது ஏழு நிமிஷப் பாட்டாக இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கல்லூரி விழாக்களில் எங்களுக்குப் பெயர் வரத் தொடங்கியது. மேடையில் நாங்கள் மூவரும் கிழிந்த ஜீன்ஸ், கறுப்பு டிசர்ட். வினோதாவை மட்டும் பட்டுப்புடவை, ஜிமிக்கி, தலை நிறையப் பூவோடு உட்காரச் சொன்னான் செம்பியன். "உன்னைப் பாத்தவுடனே மண்வாசனை அடிக்கணும் வினோ." மே மாத வெயிலில் அந்தப் புடவையில் அவள் இரண்டு மணி நேரம் வியர்வையில் ஊறுவாள். வலது கணுக்காலில் வயலின் தலையை ஊன்றி அவள் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து முன்வரிசையில் போன்களைத் தூக்குவார்கள். ஒரு விழாவில் அறிவிப்பாளர் அவளை, "இதோ, ஒரு கிராமத்துத் தேவதை" என்றார். அவள் மைக்கை இழுத்து, "பேரு வினோதா" என்றாள். அதுவும் அழகாக இருந்தது என்று கைதட்டினார்கள்.

ஆல்பம் பதிவானது இரண்டாயிரத்துப் பதினெட்டில். என் பேஸ் மூன்று பாட்டில் தடுமாறியது. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் அவள் எல்லாப் பாட்டுக்கும் பேஸை மறுபடி வாசித்து வைத்திருந்தாள். திரும்பி வந்ததும் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

"உன்கிட்ட கேக்காம பண்ணிட்டேன். கேட்டுப் பாரு. உனக்கு ஒப்பலன்னா உன்னோடதையே வச்சிடலாம்."

கேட்டேன். "உன்னோடதே இருக்கட்டும்" என்றேன். அந்த அளவுக்கு நேர்மை என்னிடம் இருந்தது. உறை அச்சாகி வந்தபோது 'பேஸ் – நசீம்' என்று இருந்தது. அதை மாற்றச் சொல்லும் அளவுக்கு இல்லை. செம்பியனைப் பற்றி நான் இங்கே எவ்வளவு ஏளனமாக எழுதினாலும் இதையும் சேர்த்தே படியுங்கள்.

உறையில் 'எழுத்து, இசை, இசைக்கோர்ப்பு – செம்பியன்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. வினோதா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

ஆல்பத்தில் 'உவர்மண்' என்ற பாட்டு பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் வயலின் மட்டும் தனியாக வந்து, பிறகு மிஸ்ர சாப்பில் எல்லோரும் சேர்ந்துகொள்ளும் பாட்டு. செம்பியன் பேட்டிகள் கொடுக்கத் தொடங்கினான். ஒரு பேட்டியில், "இந்த ஏழு எண்ணிக்கைத் தாளம் எங்க டெல்டாவுல நாத்து நடுற பெண்களோட கையில இருக்கு. அத நான் கேட்டு எடுத்தேன்" என்றான். அம்பகரத்தூர் வீட்டில் அந்தப் பேட்டியைப் போனில் போட்டுக் காட்டியபோது நானும் இருந்தேன். காசியம்மா முழுசாகக் கேட்டார். இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர், தண்ணீரை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "எந்தப் பொம்பளடி ஏழு எண்ணிக்கிட்டு நாத்து நட்டா? எப்படா வரப்புல ஏறுவோம்னுதான எண்ணுவோம்."

வினோதா சிரித்து நான் அவ்வளவு பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது கடைசியில் எங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அடுத்த பொங்கல் விடுமுறையில் காரைக்கால் கடற்கரையில் எங்கள் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதைப் படத்தின் உச்சமாக வைப்பதென்று திட்டம். ஒத்திகையின்போது கேமராவை வைத்துக்கொண்டு செம்பியனிடம் கேட்டார்கள்: "உவர்மண் பாட்டோட அந்த வயலின் தொடக்கம் எப்படி வந்துச்சு?"

வினோதா நான்கடி தள்ளி வயலின் வில்லுக்கு ரோசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செம்பியன் கண்ணை மூடிக்கொண்டான். "கனவுல வந்துச்சு. காரைக்கால் பீச்ல நான் நடந்து போறேன். தூரத்துல எங்க பாட்டனார் ஒருத்தர் வாசிக்கிறார்."

அவன் பாட்டனார் நோட்டரியாக இருந்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவர். அவர் வாசித்தது சொத்து விவரம் மட்டும்தான்.

கேமரா போன பிறகு வினோதா கேட்டாள். குரல் உயரவில்லை. "உவர்மண்ல நான் என்னங்க பண்ணினேன்?"

"என்ன வினோ இப்படிக் கேக்குறே? நீ கலர் குடுத்தே. செமயா குடுத்தே."

"பாட்டு?"

"பாட்டுன்னா கார்டு, மெட்டு, வரி. அது என்னோடது. மத்ததெல்லாம் அலங்காரம்தானே. தப்பா எடுத்துக்காதே, எல்லா பேண்ட்லயும் இப்படித்தான்."

"சரிங்க. நீங்க எழுதினத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான் தெளிவா தெரிஞ்சுக்கறேன்."

அவன் தாராளமாக எழுதிக் கொடுத்தான். நான்கு கார்டின் பெயர், ஆங்கில எழுத்தில். கீழே பாட்டு வரிகள். மெட்டை எழுத அவனுக்குத் தெரியாது. 'நான் பாடுவதுபோல' என்று அடைப்புக்குறியில் போட்டான். கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான், ரசிகைக்குக் கொடுப்பதுபோல. அவள் நான்காக மடித்து வயலின் பெட்டிக்குள் வைத்தாள். சஃப்வான் என்னைப் பார்த்தான். நான் கம்பியைத் துடைத்தேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் கச்சேரி. கடற்கரை நிறைந்திருந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து என் வாப்பா நூகு வந்திருந்தார். முப்பது வருஷம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நான் வாத்தியம் வாசிப்பதை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டு, இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சநாதன் வாத்தியாரும் காசியம்மாவும் அதே வரிசையில், இன்னொரு ஓரத்தில். முதல் வரிசை செம்பியன் வீட்டாருக்கு.

நான்கு பாட்டு வழக்கம்போல நடந்தது. ஐந்தாவதாக செம்பியன் உவர்மண்ணை அறிவித்தான். மண், வேர், கனவு என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தான். விளக்குகளை அணைத்து வினோதாமேல் மட்டும் ஒன்றைப் போட்டார்கள். கூட்டம் விசிலடித்து அடங்கியது. செம்பியன் வழக்கம்போலக் கண்ணை மூடி வானத்தைப் பார்த்து நின்றான்.

வினோதா வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. மைக்கில் கடல் காற்று மட்டும் உரசியது. ஏதோ கோளாறு என்று ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து அவள் வயரைப் பார்த்தார். அவள், "ஒண்ணுமில்லங்க, எல்லாம் சரியா இருக்கு" என்றாள். அது மைக்கில் கேட்டது. செம்பியன் கண்ணைத் திறந்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அந்தத் தாளை நோட்டு தாங்கியில் விரித்து வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே போனது. மேடையில் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் அவன் கிட்டாரை ஆரம்பித்தான். சஃப்வான் ஏழில் சேர்ந்தான். நானும் சேர்ந்தேன்.

வினோதா பக்கத்திலிருந்த கீபோர்டில் கார்டு மாறும் இடத்தில் ஒரு தடவை அழுத்துவாள், கையை எடுத்துவிடுவாள். தாளில் இருந்தது அவ்வளவுதான். நடுவில் இரண்டு நிமிஷம் அவள் மிருதங்கமும் சஃப்வானின் டிரம்ஸும் மாறிமாறி வரும் இடம். சஃப்வான் ஏழு அடித்துவிட்டு அவளுக்காக நிறுத்துவான். அவள் பக்கம் ஏழு எண்ணிக்கை மௌனமாகப் போகும். அவன் மறுபடி அடிப்பான். மறுபடி மௌனம். பாவம், அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் வயலின் ஏறிப்போய் முடிக்கும் ஒரு நிமிஷத்தில் செம்பியன் அதே நான்கு கார்டைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அவ்ளோதானா?" என்று கத்தினார். அவ்வளவுதான் என்பதைத்தான் அவள் காட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் உரிந்து விழுந்த அந்தப் பாட்டில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. என் பேஸ். வயலினும் கீபோர்டும் இல்லாத இடைவெளியில் அது தனியாக நடந்துபோனது. ஒவ்வொரு சுரமும் வினோதா வைத்தது. நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தினாளே, அதுபோல நானும் கையை எடுத்திருக்கலாம். ஒரு கட்டத்தில் அவள் என் விரல்களைப் பார்த்தாள். நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். வாப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முழுசாக வாசித்து முடித்தேன்.

மேடைக்குப் பின்னால் செம்பியன் கத்தினான். "என்ன பண்ணினே நீ? என்ன பண்ணினேன்னு கேக்குறேன்!"

"நீங்க எழுதினத வாசிச்சேங்க" என்று தாளை நீட்டினாள். "கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்க."

"இது துரோகம்!"

"அலங்காரம் பண்ணல. அவ்வளவுதான்."

சஃப்வான் ஒரு மூலையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடியிருந்தான். அவன் பெண்டாட்டி ஜுவைரியா கைக்குழந்தையோடு கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவந்த முதல் கச்சேரி அது. மௌனத்துக்கும் அடிக்கும் நடுவில் அவன் திணறியதைத்தான் அவள் பார்த்தாள். "எங்கள எதுக்கு நாசம் பண்ணினே வினோதா?" என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டான்.

அவள் வயலின் பெட்டியை மூடினாள். "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவோடு போய்விட்டாள்.

என் வாப்பா வெளியே காத்திருந்தார். என் தோளைப் பிடித்தார். "மத்தவங்க என்னமோ சொதப்பிட்டாங்க. உன் வாத்தியம் மட்டும் எஞ்சின் மாதிரி ஓடுச்சுடா. இத்தன நாள் எனக்கு விளங்காம போச்சு" என்றார்.

நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் மௌத்தானார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் மவன் வாசிச்சுக் கேட்டிருக்கணும் நீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார்.

செம்பியன் அழிந்துபோனான் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. அந்த மௌனத்தை ஆவணப்படத்தில் வெட்டிவிட்டார்கள். சென்னையில் சம்பளத்துக்கு இருவரைப் பிடித்தான். அவர்கள் ஆல்பத்தைக் கேட்டு வினோதா வாசித்ததை அப்படியே காப்பியடித்தார்கள். சுமாராகத்தான் வாசித்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு விருது வாங்கினான். இப்போதும் மேடையில் கண்ணை மூடிக்கொள்கிறான். கச்சேரியில் யாரோ எடுத்த வீடியோ ஒன்று மட்டும் சுற்றியது. அதன் கீழே அவளைத் திமிர் பிடித்தவள், நன்றிகெட்டவள் என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். ஒருவர் மட்டும் 'பேஸ் அருமை' என்று எழுதியிருந்தார்.

நானும் சஃப்வானும் குழுவை விட்டு விலகினோம். அவன் துபாய் போய்விட்டான். வளைகுடா போகிறவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று எனக்குக் காரைக்காலில் இருக்கிறது.

வினோதா காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓர் அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து வைத்திருக்கிறாள். நார்வேயிலும் போலந்திலும் இருக்கும் மெட்டல் ராக் குழுக்கள் பாட்டை இணையத்தில் அனுப்புவார்கள். அவள் வயலினோ பேஸோ டிரம்ஸோ வாசித்துத் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொன்றிலும் யார் எதை உருவாக்கினார்கள் என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுகிறாள். அவர்கள்மேலும் அவளுக்கு மதிப்பில்லை. "சுரம் சுத்தம். உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா பேரப் போடுறானுங்க" என்பாள்.

போன வருஷம் அவளைப் போய்ப் பார்த்தேன். வாப்பா சொன்னதையும் நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. முழுசும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அவர் உன்னப் பாத்துக்கிட்டிருந்தத நான் பாத்தேன். அதான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல."

"நான் நிறுத்தியிருக்கணும்."

"ஆமா. நிறுத்தியிருக்கணும்." ஆறுதலாக எதையும் அவள் சேர்க்கவில்லை. "மூணாவது சுத்துல ஒரு சுரம் தவறவிட்டே. அதயாவது ஒழுங்கா வாசிச்சிருக்கலாம்."

அப்போது அவள் தனியாக ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். நானும் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். யோசித்துக்கூடச் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் அது வெளிவந்தது. ஒன்பது பாட்டு. எல்லா வாத்தியமும் அவளே. தவில் அடித்துப் பழகியதுபோல இறங்கும் டிரம்ஸ், அதன்மேல் வீணையை ஆம்ப்பில் போட்டுக் கீறிய சத்தம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடையில் இரண்டு பேருக்குத் தேதி மாற்றி டிக்கெட் போட்டுவிட்டேன். செம்பியன் ஜென்மத்துக்கும் இதைத் தொட முடியாது.

ஆனால் பாடியதும் அவளே. அவளுக்குக் குரல் கிடையாது. மேல் ஸ்தாயியில் கீச்சென்று கிழிகிறது, கீழே காற்றுதான் வருகிறது. அடுத்தவர் கம்பி இறங்கியதை வாசலிலேயே கண்டுபிடிப்பவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? போன் செய்து, பாடுவதற்கு மட்டும் ஒரு ஆளை வைத்திருக்கலாமே என்றேன்.

"ஆறு பேர பாடச் சொல்லிப் பாத்தேன் நசீம். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல."

"உன்னைவிட நல்லாப் பாடியிருப்பாங்க."

"பாடினாங்க" என்றாள். "அந்த ஆறு பேரையும் எனக்குப் பிடிக்கல."

இதுவரை அந்த ஆல்பத்தை முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். அடுத்ததற்கு வேலை தொடங்கிவிட்டாள். அதிலும் அவளே பாடப் போகிறாளாம்.